சேலத்தைச் சுற்றி ஏற்றம் குறைந்த, தோட்டங்களின் வழியே செல்லும் சைக்கிள் பாதைகள் எவை?

அஸ்தம்பட்டி வாசி:
அனைவருக்கும் வணக்கம். பிரான்சில் வேலை பார்க்கும் என் மருமகன், பர்கண்டிப் பகுதியில் போன் என்னும் ஊரிலிருந்து சான்தனே வரை ஏறத்தாழ 22 கி.மீ. தூரம் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் சைக்கிள் பாதையின் படங்களை அனுப்பியிருந்தார். பொமார், மெர்சோ என்று ஒயினுக்குப் பெயர்போன ஊர்களைத் தொட்டுக்கொண்டு செல்லும் அந்தப் பாதையில் கார்களும் லாரிகளும் குறைவு என்கிறார். தை மாதம் ஊருக்கு வரும்போது இங்கும் அப்படி ஒரு பாதையில் என்னோடு ஓட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. இங்கே யாரைக் கேட்டாலும் ஏற்காட்டையே காட்டுகிறார்கள்; என் முழங்காலோ அதற்கு ஒத்துழைக்காது. இருவரிடமும் இருப்பவை மெல்லிய டயர் கொண்ட ரோடு பைக்குகள். நாற்பது, ஐம்பது கி.மீ. தூரத்தில், நெடுஞ்சாலையைத் தொடாமல், விவசாய நிலங்களின் வழியே செல்லும் பாதை இருந்தால் தெரிவிக்கவும்.

வாழப்பாடிக்காரன்:
ஐயா, திராட்சைதான் வேண்டுமென்றால் நீங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையை அங்கே பந்தலில் ஏற்றி வளர்க்கிறார்கள். உங்கள் மருமகன் அனுப்பிய படங்களில் இருப்பதுபோல் இடுப்பளவு வரிசைகளை அங்கே காண முடியாது. சேலத்துக்காரர்களாகிய நமக்கு அந்தக் குறையைத் தீர்ப்பது பாக்குத் தோப்பு.

வாழப்பாடி வரை காரிலோ, விருத்தாசலம் செல்லும் பயணிகள் ரயிலிலோ வந்துவிடுங்கள். அயோத்தியாப்பட்டணம் வழியாக நெடுஞ்சாலையில் ஓட்டி வருவதில் எந்த இன்பமும் இல்லை. வாழப்பாடியிலிருந்து பேளூர் செல்லும் சாலையில் திரும்பியதுமே பாக்கும் தென்னையும் தொடங்கிவிடும். பேளூரில் வசிஷ்ட நதிக் கரையில் உள்ள தான்தோன்றீஸ்வரர் கோயிலில் சற்று இளைப்பாறிவிட்டு, அங்கிருந்து கிராமச் சாலைகளிலேயே ஏத்தாப்பூர், பெத்தநாயக்கன்பாளையம் என்று கிழக்கு நோக்கிச் செல்லலாம். வழியில் பாக்கை உரித்து வேகவைத்துக் களத்தில் காயவைக்கும் வேலையைப் பார்க்கலாம். ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதைச் சுற்றிய நிலங்களிலும் மரவள்ளிதான் மிகுதி. 146 அடி உயர முத்துமலை முருகன் சிலையும் அருகில்தான்.

சேர்வராயன் மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இவ்வளவு அருகில் இருந்தும் இந்தப் பாதையில் பெரிய ஏற்றம் இல்லாததற்குக் காரணம், அது ஆற்றோடு ஒட்டியே செல்வதுதான். சேலத்துத் தண்ணீர் திருமணிமுத்தாற்றின் வழியே காவிரிக்குச் செல்ல, வாழப்பாடிப் பக்கத்துத் தண்ணீர் வசிஷ்ட நதியில் விழுந்து கிழக்கே வெள்ளாற்றுக்குப் போகிறது. ரயில் பாதை போட்டவர்களும் சரிவு குறைந்த இந்தப் பள்ளத்தாக்கையே தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பார்த்தால், முழங்காலுக்கும் இதுவே ஏற்றது என்று துணிந்து சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை: தை மாதத்தில் அறுத்த கதிர்களையும் கொள்ளுச் செடிகளையும் வண்டிகள் ஏறிப் போகட்டும் என்று சாலையிலேயே பரப்பி வைத்திருப்பார்கள். மெல்லிய டயர் அதன் மீது வழுக்கும். தாள் செயினில் சுற்றிக்கொள்ளும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது. அது அவர்கள் களம், நாம்தான் விருந்தாளிகள்.

காவிரிக்கரை:
வாழப்பாடிக்காரர் சொன்ன பாதை நல்லதே. ஆனால் மரவள்ளி அறுவடைக் காலத்தில் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்குக் கிழங்கு ஏற்றிச் செல்லும் டிராக்டர்கள் குறுகிய சாலையை அடைத்துக்கொள்ளும் என்பதையும், மாவு எடுத்தபின் மிஞ்சும் கிழங்குச் சக்கையான திப்பி காயும் களங்களின் புளித்த வாடை வெகுதூரம் கூடவே வரும் என்பதையும் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

எங்கள் பக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து பிரியும் கிழக்கு, மேற்கு வாய்க்கால்கள் சேர்ந்து 45,000 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன. கிழக்கு வாய்க்காலை ஒட்டிய கிராமச் சாலைகளில் பூலாம்பட்டி, தேவூர் என்று செல்லும்போது நெல், கரும்பு, வாழை, மஞ்சள் என மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். அணையில் போதிய நீர் இருந்தால் வழக்கமாக ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை வாய்க்காலில் தண்ணீர் ஓடும். தையில் நீங்கள் பார்க்கப்போவது வற்றிய வாய்க்காலைத்தான். ஆனாலும் பூலாம்பட்டியில் கதவணை தேக்கி வைத்திருக்கும் காவிரி ஏரிபோல் பரந்து கிடக்கும். அங்கிருந்து படகில் அக்கரையான நெருஞ்சிப்பேட்டைக்குச் செல்லலாம். அணையிலிருந்து அதிக நீர் திறக்கும் நாட்களில் மட்டும் படகை நிறுத்திவிடுவார்கள். அக்கரையில் மேட்டூர்–பவானி சாலை வண்டிகள் நிறைந்தது என்பதால், படகுச் சவாரியை முடித்துக்கொண்டு திரும்பிவிடுவது உத்தமம். வாய்க்கால் கரையின் மேலேயே ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அது மண் தடம், உங்கள் டயருக்கு ஆகாது.

சேர்வராயன்:
ஏற்காட்டை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். ஏறுவதுதானே சிக்கல்? சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து 1,500 மீட்டர் வரை மிதிக்க வேண்டியதில்லை. சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். ஏரியைச் சுற்றிய கூட்டத்தைத் தாண்டி 32 கி.மீ. லூப் ரோட்டில் நுழைந்தால், சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடியும், மரங்களில் படர்ந்த மிளகுக் கொடியும்தான். சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820களில் கொண்டுவந்த பயிர்தான் இந்தக் காப்பி. தையில் காப்பிப் பழம் பறிப்பார்கள். ஒயின் ஊர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பாக்குத் தோப்பைவிட இந்த எஸ்டேட்டுகளே நெருக்கமாகத் தோன்றும் என்பது என் கருத்து. சாலை சமதளம் அன்று. மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். சிறிய கியர் இருந்தால் சமாளிக்கலாம். இறங்கும்போதும் காரிலேயே இறங்குங்கள். தொடர்ந்து பிரேக் பிடித்தால் ரிம் சூடேறிவிடும்.

அஸ்தம்பட்டி வாசி:
மூவருக்கும் நன்றி. முதல் நாள் பேளூர்ப் பாதை, முழங்கால் அனுமதித்தால் பிறகு பூலாம்பட்டி என்று நினைத்திருக்கிறேன். ஏற்காட்டை மருமகன் தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும். பெத்தநாயக்கன்பாளையத்திலிருந்து திரும்பி வரும்போது லேசான ஏற்றம் இருக்குமே, அதற்குப் பதிலாக அங்கிருந்து தொடங்கலாமா?

வாழப்பாடிக்காரன்:
வேண்டாம் ஐயா. தையில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். காலையில் உடம்பில் தெம்பு இருக்கும்போது எதிர்காற்றில் கிழக்கே போய்விட்டால், திரும்பும்போது அந்தக் காற்றே முதுகில் தள்ளும். இருக்கும் சிறு ஏற்றமும் தெரியாது. காற்றின் திசை மாறியிருக்கும் ஆடியில் வந்தால் மட்டும் நீங்கள் சொன்னபடி மாற்றிக்கொள்ளுங்கள். சற்று அகலமான 28 மி.மீ. டயர் உங்கள் சைக்கிளில் பொருந்துமானால் அதையே போடுங்கள். சாலை ஓரத்தில் நெருஞ்சி முள் உண்டு, ஆளுக்கு இரண்டு டியூபாவது கையில் இருக்கட்டும்.