துண்டுப் பிரசுரத்தில் இருந்த ரெரா எண் வேறு கட்டத்துக்கு உரியது: முகவரின் பதிவை ரத்து செய்யக் கோரலாமா?

மனைதேடி:
30 லட்சம் ரூபாய்க்கு விலை பேசிய ஒரு மனைக்குச் சென்ற மாதம் 1 லட்சம் ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தேன். பணத்தை முகவர் தன் சொந்த வங்கிக் கணக்கில் வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டதற்கு, ஒப்பந்தம் போடும்போது சேர்த்துத் தருவதாகச் சொல்லிவிட்டார். அவர் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் அச்சாகியிருந்ததால் நானும் மேற்கொண்டு துருவவில்லை. பிறகு ஆணையத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடியபோதுதான், அது முதல் கட்டத்துக்கு மட்டும் பெற்ற பதிவு என்பதும், என் மனை எண் அந்த வரைபடத்திலேயே இல்லை என்பதும் தெரிந்தது. இரண்டும் ஒரே லேஅவுட் என்பதால் ஒரே எண் போதும் என்கிறார் முகவர். அவரும் ரெராவில் பதிவு பெற்றவர்தான். அவருடைய பதிவை ரத்து செய்யக் கோரிப் புகார் கொடுத்தால் என் பணம் திரும்பக் கிடைக்குமா?

கோப்புக்கட்டு:
ஒரே எண் போதும் என்பது சரியல்ல. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டத்தின் 3-ஆம் பிரிவு, கட்டம் கட்டமாக உருவாகும் திட்டத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் தனித் திட்டமாகவே கருதி, தனித்தனியே பதிவு செய்யச் சொல்கிறது. பதிவாகாத திட்டத்தில் மனை விற்க உதவக் கூடாது என்பது 10-ஆம் பிரிவு முகவருக்கு விதித்திருக்கும் முதல் கடமை. புரமோட்டருக்கு, அதாவது மனைத் திட்டத்தை உருவாக்கி விற்பவருக்கு, இல்லாத அனுமதியை இருப்பதாகச் சொல்வதும் அதே பிரிவின்படி முறையற்ற வணிக நடத்தைதான்.

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. 9 அல்லது 10-ஆம் பிரிவை மீறும் முகவருக்கு 62-ஆம் பிரிவின் கீழ், மீறல் நீடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் வீதம், மனை மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம். உங்கள் மனைக்கு அது 1.5 லட்சம், அதாவது பதினைந்தே நாளில் உச்சத்தைத் தொட்டுவிடும். ஆனால் அந்தத் தொகை மாநில அரசு குறிப்பிடும் கணக்குக்குப் போகுமே தவிர உங்கள் கைக்கு வராது. பதிவு ரத்தானாலும் அப்படித்தான். அவர் தொழில் நிற்கும், உங்கள் அட்வான்ஸ் தானாக நகராது. பணத்துக்கு, தவறான விளம்பரத்தை நம்பி முன்பணம் கொடுத்தவர் என்ற முறையில் 12-ஆம் பிரிவைப் பிடித்துப் புரமோட்டரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். 31-ஆம் பிரிவு இருவர் மீதும் புகார் கொடுக்க இடம் தருகிறது.

பதினைந்து வருட முகவர்:
நானும் பதிவு பெற்ற முகவர் என்பதால், எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று சொல்லிவிடுகிறேன். பிரசுரத்தை அச்சடித்தது புரமோட்டர், நான் விநியோகம் மட்டுமே செய்தேன் என்பார்கள். எங்களில் பலர் உண்மையிலேயே எண்ணைச் சரிபார்ப்பதில்லை என்பது வெட்கக்கேடுதான். ஆனாலும், முன்பதிவின்போது வாங்குபவருக்கு உரிய தகவல்களும் ஆவணங்களும் கிடைக்கச் செய்வதும், கணக்குப் புத்தகம் வைத்திருப்பதும் முகவரின் கடமைகள் என்று அதே 10-ஆம் பிரிவு சொல்லும்போது, அந்தச் சமாதானம் எவ்வளவு தூரம் எடுபடும் என்பது சந்தேகமே. சொந்தக் கணக்கில் வாங்கிய 1 லட்சத்தை எந்தப் பக்கத்தில் எழுதினார் என்று கேட்கச் சொல்லுங்கள். புகாரில் 'மோசடிக்காரர்' போன்ற சொற்களைத் தவிர்த்து, எந்தத் தேதியில் என்ன சொன்னார், எவ்வளவு வாங்கினார் என்பதை மட்டும் வரிசையாக எழுதுங்கள்.

கோப்புக்கட்டு:
பதிவை ரத்து செய்யும் நடைமுறையையும் சேர்க்கிறேன். முகவர் பதிவின் நிபந்தனையை மீறினாலோ, பொய்த் தகவல் தந்து பதிவைப் பெற்றிருந்தாலோ 9(7)-ஆம் பிரிவின் கீழ் ஆணையம் பதிவை ரத்து செய்யலாம், குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்தியும் வைக்கலாம். ஆனால் அவர் தரப்பைக் கேட்காமல் எதையும் செய்ய முடியாது. ஆகவே முதல் வாய்தாவிலேயே உத்தரவு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லவும் 35-ஆம் பிரிவில் ஆணையத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. உத்தரவு யாருக்குப் பாதகமானாலும் 60 நாட்களுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ரத்தான முகவரின் பெயரும் புகைப்படமும் ஆணையத்தின் இணையதளத்தில் ஏறும். என் அனுபவத்தில் அபராதத்தைவிட இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள்.

மனைதேடி:
இருவருக்கும் நன்றி. வீட்டில் தேடியபோது அந்தப் பிரசுரம் கிடைத்தது. பின்பக்கத்தில் முகவர் தன் கையாலேயே என் மனை எண்ணையும் 'அட்வான்ஸ் 1 லட்சம் பெற்றேன்' என்பதையும் பேனாவால் எழுதியிருக்கிறார். ரசீதாக இது செல்லுமா?

பதினைந்து வருட முகவர்:
முறையான ரசீது ஆகாவிட்டாலும், வங்கிக் கணக்கு அறிக்கையில் உள்ள தேதியோடு சேர்த்துக் காட்டினால் வலுவான சான்று. புகாருடன் இரு பக்கங்களின் நகலை மட்டும் இணைத்து, அசலை விசாரணையில் கேட்கும்போது காட்டுங்கள். முகவர் 'ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தருகிறேன்' என்று கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.