வடக்குமாசி வீதிக் குடும்பம்

சண்முகம்: எல்லோருக்கும் வணக்கம். 14ஆம் தேதி வளைகாப்பு முடிந்ததும் மீனாவைச் சென்னையிலிருந்து புதுக் காரில்தான் மதுரைக்கு அழைத்து வரப்போகிறேன். மின்சாரக் கார். நெக்ஸான், 45 யூனிட் பேட்டரி. ஒரு சார்ஜுக்கு 489 கிலோமீட்டர். சென்னை 460தானே!

ராஜி: அண்ணே, வளையல் எத்தனை டஜன் வாங்குவது?

மீனா: அப்பா, என்ன இது திடீரென்று?

ரவி: அண்ணே, அந்த 489 சோதனைக்கூடக் கணக்கு. நான்குவழிச் சாலையில் ஏசி போட்டு 90இல் போனால் யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் கிடைக்கும். 45ஐ ஏழால் பெருக்குங்கள், 315. அதையும் கடைசிச் சொட்டு வரை ஓட்ட முடியாது, 270இல் நிறுத்தியாக வேண்டும். ஆக, வழியில் ஒருமுறை நின்றே தீர வேண்டும். வேகச் சார்ஜரில் 10இலிருந்து 80 சதவீதம் ஏற ஒரு மணி நேரம் வரை ஆகும். அதுவும் 80க்கு மேல் மெதுவாகத்தான் ஏறும்.

ராஜி: தம்பி, வளையல்.

கார்த்திக்: சின்ன மாமா சொல்வது சரி. என் காரிலும் சொன்னதில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கிறது. தீபாவளிக்கு வந்தபோது ஒருவர் காரை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். 100 சதவீதம் ஆகியும் ஆள் வரவில்லை. 50 நிமிடம் வெயிலில் நின்றேன்.

சாரதா: பிள்ளைத்தாய்ச்சியை வெயிலில் நிறுத்துவீர்களா?

ரவி: மதினி, செலவைப் பாருங்கள். பெட்ரோல் 101 ரூபாய், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் சென்னைக்கு 3,100. இதில் வீட்டு மின்சாரமும் வழிச் சார்ஜும் சேர்த்து ஆயிரத்துக்குள் முடியும். ஆனால் வீட்டு மீட்டர் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும், அதையும்

சாரதா: 2012இல் டீசல்தான் லாபம் என்றதும் நீங்கள்தானே, தம்பி?

ரவி: 👍

கார்த்திக்: எம்ஜி விண்ட்சர் மின்சாரக் காரைப் பார்த்தீர்களா மாமா? 2024இல் வந்தபோது பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வாடகை என்றார்கள்.

சாரதா: வாடகை வீட்டில் 20 வருடம் இருந்தது போதாதா?

ரவி: மூன்றரையோடு மின்சாரம் ஒன்றேகால். பெட்ரோலுக்கு ஆறே முக்கால். மிச்சம் இரண்டு ரூபாய்தான். அண்ணன் கோயிலுக்கும் சந்தைக்கும் மாதம் 300 கிலோமீட்டர்கூட ஓட்டுவதில்லை. சொந்தப் பேட்டரியே வாங்கினாலும் மாதம் 1,650 மிச்சம். பெட்ரோல் காரைவிட மூன்று லட்சம் கூடுதல் என்று வைத்தால் 15 வருடம் ஆகும். அப்போது அண்ணனுக்கு 83.

சண்முகம்: நான் இருப்பேன்.

ராஜி: இருங்கள் அண்ணே. அம்மாவின் பித்தளை அண்டா யார் வீட்டில் இருக்கிறது? புளியோதரைக்கு வேண்டும்.

கார்த்திக்: மாமா, போகும்போது பெரம்பலூர்ப் பக்கம் நின்று முழுக்க ஏற்றிக்கொண்டால் போதும். திரும்பும்போதுதான் சிக்கல். சென்னையில் ராத்திரி முழுக்க மாட்டி வைக்க வேண்டும்.

சண்முகம்: மாப்பிள்ளை வீட்டில் 15 ஆம்பியர் பிளக் இருக்குமே.

மீனா: அப்பா, வீடு நான்காவது மாடி. பால்கனியிலிருந்து வயர் இறக்கப்போகிறீர்களா?

சாரதா: வளைகாப்புக்குப் போன இடத்தில் சம்பந்தியிடம் கரண்ட் கேட்பதா! சீர்வரிசையில் குறை என்று ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கிறது.

மீனா: அம்மா, இது குழு.

சாரதா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராஜி: நான் படித்துவிட்டேன்.

ரவி: வாட்ச்மேன் அறையில் கேட்டு யூனிட்டுக்குப் பணம் கொடுத்துவிடலாம். 35 யூனிட், எட்டு ரூபாய் வீதம் 280

மீனா: பாண்டியன் எக்ஸ்பிரஸில் கீழ்ப் படுக்கை கிடைக்கிறதா என்று பார்க்கிறேன்.

ராஜி: ரவி, அண்டா உன் வீட்டில்தானே இருக்கிறது? பொங்கலுக்கு எடுத்துப் போனாய்.

ரவி: பொங்கலுக்கு முந்தின பொங்கல்.

சண்முகம்: டிக்கெட் எடுக்காதே அம்மா. காருக்கு முன்பணம் கட்டிவிட்டேன்.

சாரதா: எப்போது?

சாரதா: ஹாலில் உட்கார்ந்துகொண்டு குழுவில் சொல்கிறீர்களா? அடுக்களைக்கு வாருங்கள்.

ராஜி: அண்டா?