ஹேரியட் வின்ஸ்லோவின் தங்கைகளைத் தேடுகிறேன், உதவுங்கள்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் உடுவில் மகளிர் பள்ளியை 1824இல் தொடங்கிய ஹேரியட் வின்ஸ்லோவின் வம்சாவளியைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து நார்விச்சில் 1796இல் பிறந்தவர். கணவர் மைரன் வின்ஸ்லோ, 1862இல் தமிழ்-ஆங்கில அகராதி வெளியிட்ட அதே பாதிரியார்தான். மகள் வழியில் கீழே இறங்குவது சுலபம்: அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் இவருடைய கொள்ளுப்பேரன்! (இதைக் கண்டபோது ஒரு நாள் முழுக்க எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.)

தங்கைகளிடம்தான் சிக்கல். அவர்களும் மிஷன்காரர்களை மணந்து யாழ்ப்பாணம் வந்தவர்கள். கல்யாணமானதும் லாத்ரப் என்ற பிறந்த வீட்டுப் பெயர் மறைந்துவிடுகிறது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் கைகொடுக்காது. 1850க்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே எழுதுவார்கள்.

இவர்களை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய அமெரிக்கன் மிஷனின் கடிதங்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. அங்கிருந்து நகல் வாங்கிய அனுபவம் யாருக்காவது உண்டா? அப்புறம், யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் பழைய மிஷன் கல்லறைகளின் எழுத்துகளைப் படம் எடுத்து அனுப்பினால் பெரிய உதவி. மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.