புதுப்பிப்பு: ஃபீடில் பழைய அறிவிப்பே திரும்பத் திரும்ப வந்தது சரியாகிவிட்டது

மயிலாப்பூர், தி.நகர் சபாக்களின் மார்கழிக் கச்சேரி விவரம் போடும் எங்கள் தளத்தின் ஆர்எஸ்எஸ் ஃபீட் (புதுப் பதிவுகளை வாசகரின் செயலி தானாக எடுத்துக்கொள்ளும் பட்டியல்) பற்றி முன்பு கேட்டிருந்தேன். ஓர் எழுத்தைத் திருத்தினாலும் பழைய அறிவிப்பு புதுசு போல வந்து நிற்கும், வாசகர்கள் சலித்துக்கொண்டார்கள்.

காரணம் ஜியூஐடி, அதாவது ஃபீடில் ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள தனி அடையாளக் குறி. ஒரு பதிவு ஏற்கெனவே வந்ததா என்று ஃபீட் ரீடர்கள் (ஃபீடைப் படிக்கும் செயலிகள்) பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் முடிவுசெய்யும். எங்கள் மென்பொருள் தலைப்பிலிருந்து உருவாக்கிய முகவரியையே ஜியூஐடியாகவும் போட்டிருந்தது. 'வீனை' என்பதை 'வீணை' ஆக்கியதும் முகவரி மாறியது. ரீடருக்கு அது வேறொரு பதிவு. இப்போது டேட்டாபேஸ் எண்ணை வைத்து மாறாத ஜியூஐடி. அது முகவரி இல்லை என்பதால், ஜியூஐடி பதிவின் முகவரிதானா என்று ரீடருக்குச் சொல்லும் பெர்மாலிங்க் பண்பை 'ஃபால்ஸ்' ஆக்கியாயிற்று. தேதியில் இந்திய நேரத்தைக் குறிக்கும் +0530-ம் சேர்த்தோம்.

கச்சேரி ரத்து, நேர மாற்றம் என்றால் மட்டும் தனிப் பதிவு. அது ரசிகர் கண்ணில் புதிதாகப் பட்டே ஆகவேண்டும்.

2013-ல் கூகுள் தன் ஃபீட் ரீடரான கூகுள் ரீடரை மூடியதோடு ஃபீட் போய்விட்டது என்று இங்கே ஒருவர் சொன்னார். நான் ஒப்பமாட்டேன். ஃபீடில் எந்த அல்காரிதமும் குறுக்கே வந்து தேர்ந்தெடுக்காமல், போட்ட வரிசையில் எல்லாமே வந்து சேர்கிறது. சின்ன சபாவின் மதியக் கச்சேரிக்கு அது பெரிய உதவி.

பழைய பதிவுகள் மட்டும் புது ஜியூஐடியோடு கடைசியாக ஒருமுறை வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.