பம்ப் ஓடுகிறது, தண்ணி இருமி இருமி வருகிறது: ரெய்லர் தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

ஸ்காபரோக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். போன ஒக்டோபரில் 24 அடி ரெய்லர் (வாகனத்தின் பின்னால் பூட்டி இழுத்துப் போய்த் தங்குகிற வண்டி) ஒன்றைப் பழையதாக வாங்கினோம், 2014 மாடல். விற்றவர் குழாய்களுக்குள் கொம்பிரசரால் காற்றடித்து, தண்ணி எல்லாம் போய்விட்டது, இனிப் பனிக்காலத்துக்குப் பயமில்லை என்று சொல்லித் தந்தார். அப்படியே வீட்டு வாசலில் நின்றது. விக்டோரியா தின விடுமுறைக்குப் பிள்ளைகளோடு அல்கோன்குயின் பூங்காவுக்குப் போக இடம் பதிவு செய்துவிட்டோம், இன்னும் 12 நாள்தான் இருக்கிறது.

தோட்டக் குழாயை ரெய்லரின் பக்கத்தில் நேரே பூட்டினால் சிங்க், குளியல், கழிவறை எல்லாவற்றிலும் தண்ணி நன்றாக வருகிறது, ஒழுக்கும் இல்லை. ஆனால் நாங்கள் எடுத்த இடத்தில் தண்ணி இணைப்பு இல்லை, தாங்கியை நிரப்பிக்கொண்டு போய்ப் பம்பில்தான் சமாளிக்க வேண்டும். பம்பைப் போட்டால் மோட்டர் சத்தம் கேட்கிறது, தண்ணி காற்றும் தானுமாகத் துப்பித் துப்பி வருகிறது, குழாய்களை மூடினாலும் பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. தாங்கி (40 கலன், 150 லீற்றர் வரும்) நிறைய இருக்கும்போது கொஞ்சம் பரவாயில்லை, பாதிக்குக் கீழே போனால் மோசம். சுடுதண்ணிக் குழாயைத் திறந்தாலும் பச்சைத்தண்ணிதான். திருத்துமிடம் ஒன்றில் கேட்டேன், வந்து பார்க்காமலே பம்ப் மாற்ற வேண்டும், கூலியோடு 480 டொலர் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

எட்மன்ரன் தம்பி:
அக்கா, பற்றரியைப் பார்த்தீர்களா? அது 12 வோல்ட் பம்ப், பற்றரி இறங்கியிருந்தால் சத்தம் வரும், இழுவை இராது.

ஸ்காபரோக்காரி:
வீட்டுக் கரண்டில் பூட்டித்தான் பார்த்தேன் தம்பி. மீற்றர் 13.4 காட்டுகிறது.

கல்கரி அண்ணன்:
தங்கச்சி, பம்ப் வாங்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. தோட்டக் குழாயில் எல்லாம் சரி என்றால் பம்புக்குப் பிறகு இருக்கிற குழாய்களில் பிழை இல்லை. பிழை பம்பில், அல்லது பம்புக்கும் தாங்கிக்கும் இடையில். அந்த இடைப்பகுதி உறிஞ்சுகிற பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் தண்ணி வெளியே கொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும், அதனால்தான் பலர் தரை காய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பம்பைக் குறை சொல்கிறார்கள். தாங்கி நிறைய இருந்தால் தண்ணியின் பாரமே முன்னுக்குத் தள்ளும், காற்றுக் குறையும். மட்டம் இறங்க இறங்க பம்ப் இழுக்க வேண்டியிருக்கும், இருமல் கூடும். நிற்காமல் ஓடுவதும் அதனால்தான்: குழாய்க்குள் அழுத்தம் ஏறினால்தான் அதன் சுவிட்ச் விழும் (கூடுதலானவை 55 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிற்கும்), காற்றை இழுத்துக்கொண்டிருந்தால் அந்த அளவுக்கு ஏறாது.

பம்ப் இருக்கிற இடத்தைத் திறந்து பாருங்கள், அனேகமாக மேசைக் கதிரைக்குக் கீழே அல்லது கட்டிலுக்குக் கீழே. பம்பின் வாயில் கண்ணாடி போன்ற சின்னக் கிண்ணத்தோடு ஒரு வடிகட்டி இருக்கும், அதற்கு முன்னால் மூன்று வழி வால்வும் அதிலிருந்து தொங்குகிற மெல்லிய குழாயும் இருக்கும். வால்வின் கைப்பிடி அரைவாசித் திருப்பத்தில் நின்றால் அதாலேயே காற்று வரும், முதலில் அதைப் பாருங்கள்.

அது சரி என்றால் வாளிச் சோதனை. அந்த மெல்லிய குழாயை ஒரு வாளித் தண்ணிக்குள் விட்டு, வால்வை அந்தப் பக்கம் திருப்பிப் பம்பைப் போடுங்கள். தண்ணி சீராக வந்தால் பிழை தாங்கிப் பக்கம். அப்போதும் இருமினால் தாங்கியை வடியவிட்டு, வடிகட்டியைக் கழற்றிவிட்டு, பம்பின் வாயிலேயே ஒரு துண்டுக் குழாயைப் பூட்டி வாளியிலிருந்து நேரே இழுக்க விடுங்கள். அதிலும் இருமினால் பம்ப் பழுது, 480 டொலரைப் பற்றி அப்போது கதைப்போம்.

மிச்சிகன்வாசி:
அண்ணன் சொன்னது சரி. நான் சுடுதண்ணி விஷயம் மட்டும் சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி, அவசரம்: வாட்டர் ஹீட்டரின் கரண்ட் சுவிட்சைப் போட்டீர்களா? போட்டிருந்தால் உடனே அணைத்துவிடுங்கள், கேஸிலும் போட வேண்டாம். குளிர்காலத்துக்கு டிரெய்லரை மூடி வைக்கும்போது ஹீட்டர் டேங்கைக் காலி செய்து, அதைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் போகிற மாதிரி பைபாஸ் வால்வுகளைத் திருப்பி வைப்பார்கள். அப்படியே விட்டால் சுடுதண்ணிக் குழாயிலும் பச்சைத்தண்ணி வரும், ஆனால் ஹீட்டருக்குள் ஒரு சொட்டு இருக்காது. வெறும் டேங்கில் எலிமென்ட் (கரண்டில் சூடாகிற பகுதி) சூடானால் கொஞ்ச நேரத்திலேயே எரிந்துவிடும். வெளிப்பக்கக் கதவைத் திறந்து, கீழே டேங்கின் துவாரத்தில் பிளக் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்காபரோக்காரி:
இரண்டு நாளாக அதோடுதான் மல்லுக்கட்டினேன். வால்வு நேராகத்தான் இருந்தது. மெல்லிய குழாயை வாளிக்குள் விட்டேன், அதே இருமல். வடிகட்டியைக் கழற்றி, பம்பின் வாயில் நேரே பூட்டினேன் அண்ணா, குழாயில் தண்ணி கயிறு மாதிரி ஒரே இழையாக வந்தது! மூடியவுடன் பம்ப் தானாகவே நின்றது. வடிகட்டியின் கிண்ணத்தை டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மயிரிழை போல ஒரு வெடிப்பு, கையால் தடவினால்கூடத் தெரியாது. முழு வடிகட்டியாகவே மாற்றிவிட்டேன், 20 டொலருக்குள் முடிந்தது. காற்றடித்துத் தண்ணியை எடுத்தபிறகும் அது எப்படி வெடித்தது என்பதுதான் விளங்கவில்லை.

ஹீட்டர் விஷயத்தில்தான் மனது சரியில்லை. போன கிழமை கரண்ட் சுவிட்சை 15 நிமிடம் போட்டுப் பார்த்தேன். வெளிக்கதவைத் திறந்தால் டேங்கின் துவாரம் வெறுமையாக இருக்கிறது. கரண்டி லாச்சிக்குள் கறள் பிடித்த நீளமான கம்பி ஒன்று கிடந்தது, ஒரு முனையில் புரி இருக்கிறது. அதுவா அந்தப் பிளக்?

கல்கரி அண்ணன்:
ரெய்லரின் பக்கத்தில் தோட்டக் குழாய் பூட்டுகிற வாயால் காற்றடித்தால் அது பம்பைத் தாண்டிப் பின்னால் போகாது. பம்புக்குள் தண்ணியைத் திரும்ப விடாத ஒருவழி வால்வு இருக்கிறது. அதனால் குழாய்கள் காய்ந்தாலும் வடிகட்டிக்குள் நின்ற தண்ணி அப்படியே நின்று, உறைந்து, பருத்து, கிண்ணத்தை உடைத்திருக்கும். இந்த முறை மூடும்போது அந்த மெல்லிய குழாயால் இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவத்தைப் பம்பாலேயே இழுக்க விடுங்கள், குழாய் அதற்குத்தான் இருக்கிறது. ரெய்லர் தண்ணிக் குழாய்க்கு என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். காருக்கு ஊற்றுவது நஞ்சு, பிள்ளைகள் குடிக்கிற தண்ணி ஓடுகிற குழாய்க்குள் அது போகவே கூடாது.

மிச்சிகன்வாசி:
ஆமாம், அதுதான் பிளக். அந்தக் கம்பி டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னைக் கொடுக்கிற ஆனோட் கம்பி, பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் புதிதாகவே போடுங்கள். புரியில் டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கிவிட்டு, பின்பக்கம் இருக்கிற மூன்று வால்வுகளில் பச்சைத்தண்ணி உள்ளே போவதையும் சுடுதண்ணி வெளியே வருவதையும் திறந்து, நடுவில் இருப்பதை மூடுங்கள். சுடுதண்ணிக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டே நிரப்புங்கள், காற்றெல்லாம் போய்த் தண்ணீர் சீராக வரும் வரைக்கும். அப்புறம் கேஸில் போட்டுப் பாருங்கள்.

எலிமென்ட் போய்விட்டதா என்று பார்க்க, வீட்டுக் கரண்டிலிருந்து டிரெய்லரைக் கழற்றிவிட்டு, எலிமென்ட்டின் இரண்டு வயர்களையும் எடுத்து மீட்டரை ஓம் (மின்தடை) அளவில் வையுங்கள். 120 வோல்ட், 1440 வாட் எலிமென்ட் என்றால் 10 ஓமுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் உள்ளே அறுந்துவிட்டது.

ஸ்காபரோக்காரி:
மீற்றரில் ஒன்றுமே இல்லை. போய்விட்டது. ஆனால் புதுக் கம்பி போட்டு நிரப்பி, கேஸில் பற்றவைத்தேன், அரை மணித்தியாலத்தில் கை வைக்க முடியாத சூடு! சின்னவள் உள்ளே குளித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எலிமென்ட்டை இப்போதே மாற்றவா, வந்தபிறகு மாற்றவா?

மிச்சிகன்வாசி:
வந்தபிறகு. கேஸிலேயே போய்வாருங்கள், சிலிண்டர் நிறைய இருக்கட்டும், கரண்ட் சுவிட்சில் டேப் ஒட்டிவிடுங்கள் யாரும் போடாமல் இருக்க. திரும்பி வந்து டேங்க் முழுக்க ஆறியபிறகு காலி செய்து, பழைய எலிமென்ட்டைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள், புரி மாறினால் பூட்டாது.

கல்கரி அண்ணன்:
போவதற்கு முன் தாங்கியையும் கழுவிவிடுங்கள் தங்கச்சி, எத்தனை மாதம் மூடிக் கிடந்தது. 15 கலனுக்குக் கால் கப் வாசனையில்லாத பிளீச், உங்கள் தாங்கிக்கு முக்கால் கப்புக்குக் கொஞ்சம் குறைய. முதலில் ஒரு வாளித் தண்ணியில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். நிரப்பி, எல்லாக் குழாய்களிலும் மணம் வரும்வரை ஓட விட்டு, ஓரிரவு வைத்து, பிறகு மணம் போகும்வரை நல்ல தண்ணியால் அலசுங்கள்.