ஈஸ்டர் எக்: தமிழில் என்ன சொல்லலாம்?

மண்டபம்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளிக் கணினி மன்றத்துக்கு வீடியோ கேம் பற்றி ஒரு கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘ஈஸ்டர் எக்’ என்ற இடத்தில் நிற்கிறேன். கேமைச் செய்தவர்கள் விளையாட்டாக உள்ளே வைத்துவிடும் குறும்புக்கு அப்படிப் பெயர். 1998இல் வந்த ஜெனோகியர்ஸ் கேமில், லஹான் கிராமத்தில், குரோனோ டிரிகர் என்ற வேறொரு கேமின் பாத்திரமான லூக்கா வந்து நிற்பாள். ஆட்டத்தைச் சேமிப்பது எப்படி என்று சொல்லித் தருவாள். ஜெனோகியர்ஸை இயக்கிய டெட்சுயா தகஹாஷியும் இசையமைத்த யசுனோரி மிட்சுடாவும் 1995இல் குரோனோ டிரிகரில் வேலை பார்த்தவர்கள். ‘ஈஸ்டர் முட்டை’ என்று எழுதினால், கோயிலில் கொடுக்கிற முட்டையா டீச்சர் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

கீழக்கரை:
சொல் நம்மிடமே இருக்கிறதம்மா: கரந்துறை. தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூலின் சொல்லணிப் பகுதியில் கரந்துறைச் செய்யுள் உண்டு. ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கும். ஓர் ஆட்டத்துக்குள் இன்னோர் ஆட்டத்தின் ஆள் ஒளிந்திருப்பதற்கு இதைவிடப் பொருத்தம் ஏது? மறைத்தல் என்ற பொருளில் ‘கர’ என்ற வினை ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ என்று குறளில் நிற்கிறது. கரவு, கரவடம் எல்லாம் அதன் வழி. கரப்பான் பூச்சியின் பெயரும் ஒளிந்து வாழ்வதால் வந்தது என்பதே என் துணிபு. பாத்தி கட்டும் கரைக்கும் இதற்கும் உறவு உண்டா என்று தனியே எழுதுகிறேன்.

தொண்டி:
கீழக்கரைக் காக்கா, கரையைப் பிறகு பார்ப்போம். எட்டாம் வகுப்புப் பிள்ளை ‘கரந்துறை’யைப் படித்தால் துறைமுகம் என்றுதான் நினைக்கும். எனக்கு ‘மறைகுறிப்பு’ போதும். ஒன்றை மட்டும் கையேட்டில் சேருங்கள், டீச்சர். அந்தக் காலத்தில் அட்டாரி நிறுவனம் தன் கேம்களில் செய்தவர் பெயரைப் போடாது. அதனால் வாரன் ராபினெட், தான் செய்த 1980இன் அட்வெஞ்சர் கேமில் ஓர் இரகசிய அறை வைத்துத் தன் பெயரை எழுதிவிட்டார். கண்ணுக்கு எளிதில் படாத ஒற்றைப் புள்ளியை எடுத்துப் போனால்தான் அந்த அறைக்குள் நுழைய முடியும். செய்த கை தன்னைக் காட்டிக்கொள்வதுதான் இதன் உயிர்.

பாம்பன்:
மறைகுறிப்பு வேண்டாம். தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் என்கிரிப்ஷனுக்கு ‘மறைகுறியாக்கம்’ என்று ஏற்கெனவே புழங்குகிறோம், குழம்பும். முட்டையை ஏன் விட வேண்டும்? அகநானூறு 160ஆம் பாட்டில் நிறைசூல் ஆமை கழிக்கரை மணலில் முட்டையை மறைத்து ஈன்று புதைக்கிறது. நம் கரையில் பங்குனி ஆமை இன்றும் அதைத்தான் செய்கிறது. ‘ஆமைமுட்டை’ என்றால் மீனவப் பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம்.

மண்டபம்:
ஐயா, பாட்டு அருமை. ஆனால் ஆமை முட்டையைத் தோண்டாதே, எடுக்காதே என்று வருசா வருசம் சொல்லிக் கொடுக்கிறோம். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ‘ஆமைமுட்டையைத் தேடிக் கண்டுபிடி’ என்று நானே கையேட்டில் எழுத மாட்டேன்.

தொண்டி:
டீச்சர் சொல்வது சரி. இன்னொரு சிக்கல், எல்லாமே ஒளிந்திருப்பதில்லை. செல்டா வரிசையில் வந்த 1993இன் லிங்க்ஸ் அவேக்கனிங்கில், மரியோ கேம்களின் எதிரிகளான கூம்பாக்கள் ஒளியாமல் வெளிப்படையாகவே நடமாடும். அதை இயக்கிய தகாஷி டெசுகாதான் சூப்பர் மரியோ வேர்ல்டையும் இயக்கியவர். 1996இன் சூப்பர் மரியோ ஆர்பிஜியிலோ ரோஸ் டவுன் விடுதிக் கட்டிலில் செல்டா கேம்களின் நாயகன் லிங்க் தூங்கிக்கொண்டிருப்பான். உள்ளே போனவர்தான் பார்ப்பார். இரண்டுக்கும் ஒரே சொல் எப்படி?

மண்டபம்:
நேரமில்லை, தம்பி. ஒளிந்திருப்பதற்கு ‘ஒளித்த குறிப்பு’, வெளிப்படையாக வருவதற்கு ‘விருந்தாளிப் பாத்திரம்’ என்று போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் ஈஸ்டர் எக் என்ற சொல்லும் இருக்கும். மூன்று பேர் தனிமடலில் சரி என்றுவிட்டார்கள்.

பாம்பன்:
அரைமனதாகச் சரி.

கீழக்கரை:
எனக்குச் சம்மதமில்லை. ‘ஒளித்த குறிப்பு’ விளக்கம், கலைச்சொல் ஆகாது. வேறொரு சொல்லோடு ஒட்டவும் ஒட்டாது. ‘கரந்துறைப் பாத்திரம்’, ‘கரந்துறை அறை’ என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு இயல்பாக வருகிறது! வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அடிக்குறிப்பிலாவது ஓர் இடம் கொடுங்கள், அம்மா.