பன்னாட்டு மாநாட்டுக்காக எனாமல் பின் செய்வது குறித்துச் சில ஐயங்கள்

வேளச்சேரி அரிமா:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அரிமா (லயன்ஸ்) சங்கத்திலிருந்து சிலர் அடுத்த பன்னாட்டு மாநாட்டுக்குச் செல்லவிருக்கிறார்கள். அங்கே வெளிநாட்டு உறுப்பினர்கள் பின்களைப் பரிமாறிக்கொள்வது வழக்கம் என்பதால், சங்கத்தின் பெயரில் ஓர் எனாமல் பின் (உலோகத்தில் நிறம் நிரப்பிய, சட்டையில் குத்தும் சிறு சின்னம்) செய்துகொண்டு போகலாம் என்று செயற்குழுவில் பேசினோம். எதை வரைவது, எந்த உலோகத்தில் செய்வது, பரிமாற்றத்தில் பணம் கேட்கலாமா என்பதில் எங்களுக்குள் கருத்து ஒன்றுபடவில்லை. கண் சிகிச்சை முகாமுக்குச் செலவிட வேண்டிய பணத்தைச் சட்டையில் குத்திக்கொள்ளும் பொருளுக்குச் செலவிடலாமா என்று பொருளாளர் கேட்பதும் நியாயமாகவே படுகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மயிலாப்பூர் சேகரிப்பாளர்:

ஐயா, பொருளாளரின் கேள்விக்கு விடை எளிது. போகிறவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் பின் செய்துகொள்ளட்டும். பொதுமக்களிடம் சேவைக்கென்று திரட்டிய நிதியில் கை வைக்கவே கூடாது.

பரிமாற்றத்தில் ஒன்றுக்கு ஒன்று என்பதே மரபு. உங்கள் பின் பெரியது, அவருடையது சிறியது என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினால் அது வியாபாரமாகிவிடும். பணம் கொடுத்து வாங்குவதையும் விற்பதையும் பழைய சேகரிப்பாளர்கள் முகம் சுளித்தே பார்க்கிறார்கள். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் அரிமா அமைப்புகள் ஆண்டுதோறும் புதிய பின் வெளியிடுவதால், ஒரு மாநிலத்தின் வரிசையை முழுமையாக்கப் பல ஆண்டுகள் காத்திருப்பவர்கள் உண்டு. அப்படிப்பட்டவரிடம் ‘இதற்கு என்ன விலை’ என்று கேட்பது, கொலு பார்க்கப் போன வீட்டில் பொம்மைக்கு விலை கேட்பது போன்றது.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். பரிமாற்றத்துக்கென்று செய்த பின் வேறு, விருதாகக் கிடைத்த பின் வேறு. அரிமா சங்கப் பன்னாட்டு அறக்கட்டளைக்கு 1,000 டாலர் நன்கொடை அளிப்பவருக்கு வழங்கப்படும் மெல்வின் ஜோன்ஸ் ஃபெலோ பின்னையோ, நீண்டகால உறுப்பினருக்குரிய பின்னையோ மேசையில் பரப்பி வைக்காதீர்கள். அவை அணிபவருடைய பங்களிப்பைச் சொல்பவை. இன்னொருவர் சட்டையில் அவற்றுக்குப் பொருளில்லை.

அம்பத்தூர் அச்சுத் தொழிலாளி:

செய்முறையைப் பற்றி நான் சொல்கிறேன். ஹார்டு எனாமலில் நிறத்தை நிரப்பிச் சூடேற்றி, உலோகக் கோட்டின் மட்டத்துக்கு வரும்வரை தேய்த்து மெருகேற்றுவார்கள். விரலால் தடவினால் வழுவழுப்பாக இருக்கும். சாஃப்ட் எனாமலில் நிறம் பள்ளத்தில் தங்கி, உலோகக் கோடுகள் மேலெழுந்து நிற்கும். விலை குறைவு என்பதால் பெரும்பாலோர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, மேலே எபாக்சி என்னும் ஒளிபுகும் பிசின் பூசிக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், பணம் சற்றுக் கூடினாலும் பித்தளையில் ஹார்டு எனாமல் செய்வதே மேல். இரும்பில் அடித்து முலாம் பூசித் தருபவர்களும் இருக்கிறார்கள். மாதிரியைக் காந்தத்தில் ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நம் கடற்காற்றில் இரும்புப் பின்னின் ஓரம் விரைவில் துருப்பிடிக்கும்.

உலோகத்தில் உருவத்தைப் பதிக்கும் அச்சை வெட்டும் செலவு ஐம்பது பின்னுக்கும் ஐந்நூறு பின்னுக்கும் ஒன்றுதான். ஆகவே தனித்தனியாகச் செய்வதைவிட, பக்கத்துச் சங்கங்களுடன் சேர்ந்து ஒரே அச்சில் செய்வது சிக்கனம். அகலம் 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை போதும். தமிழில் எழுத விரும்பினால் எழுத்தைப் பெரிதாக வையுங்கள். ‘ண’, ‘னை’ ஆகியவற்றின் சுழிகள் சிறிதாக இருந்தால் நிறம் நிரம்பி அடைத்துக்கொள்ளும்.

சென்னையைக் காட்ட எல்லோரும் சென்ட்ரல் ரயில் நிலையத்தையே வரைகிறார்கள். சிவப்பும் வெள்ளையும் எனாமலுக்குப் பொருந்தும் என்பது உண்மைதான், ஆனால் கோபுரத்தின் நுணுக்கம் அச்சில் நிற்பதில்லை. நேப்பியர் பாலத்தை எண்ணிப் பாருங்கள். 2022 சதுரங்க ஒலிம்பியாட்டுக்காக அதற்குக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் தீட்டியது நினைவிருக்கும்; வளைவுகளும் கட்டங்களும் இரண்டே நிறத்தில் தெளிவாக வரும்.

வேளச்சேரி அரிமா:

இருவருக்கும் மிக்க நன்றி. பாலம் என்னும் யோசனை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. சங்கச் சின்னத்தை அப்படியே அச்சில் வெட்டலாமா? வாங்கி வரும் பின்களை இங்கே எப்படிப் பாதுகாப்பது?

மயிலாப்பூர் சேகரிப்பாளர்:

சின்னம் பதிவு பெற்ற வணிகக் குறியீடு. எனவே அச்சுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், அமெரிக்காவின் ஓக் புரூக்கிலுள்ள தலைமையகத்தின் சின்னப் பயன்பாட்டு விதிகளைப் படித்து, தேவையான அனுமதியை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். நாட்டின் பெயரும் ஆண்டும் அரிமா மாவட்ட எண்ணும் பின்னில் இருக்கட்டும். ஆண்டில்லாத பின்னை வரிசையில் எங்கே வைப்பதென்று சேகரிப்பவருக்குத் தெரியாது. நம் சங்க ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிவதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

பாதுகாப்புக்கு வருகிறேன். பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்காதீர்கள்; அது சிதையும்போது வெளியாகும் அமிலம் பித்தளையில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். கந்தகம் கலந்த ரப்பர் விரிப்பு வெள்ளி முலாமைக் கறுக்கச் செய்யும். பாலிஎத்திலீன் பையும், அதனுள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பொட்டலத்தை அடிக்கடி பார்த்து மாற்ற வேண்டும். இன்னொன்று, வீட்டில் யாரேனும் குத்துவிளக்கு துலக்குகிற வேகத்தில் புளி போட்டுத் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முலாம் மொத்தமும் போய்விடும். ஈரப் பருத்தித் துணியால் துடைத்து, உடனே காயவைத்தால் போதுமானது.